தையலோரத்தில் ஒரு பெயர்

கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்தோடு என் மேசைக்கு வருகிறவர்கள், நாற்காலியில் உட்காரும் முன்பே "இது எவ்வளவு போகும்?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பந்தையே இன்னும் கையில் கொடுத்திருக்க மாட்டார்கள், அதற்குள் விலை. தாத்தாவைப் புதைத்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது, அவர் பெட்டியைக் குடைந்து எடுத்து வந்திருப்பார்கள். பாதிப் பந்துகளில் இருப்பது அச்சடித்த கையெழுத்தாக இருக்கும். மைதானத்து வாசலில் வேர்க்கடலையோடு சேர்த்து விற்ற சாமான் அது. "வீட்டில் நாய் இருந்தால் போடுங்கள், நன்றாக விளையாடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அதனால் எனக்கு நல்ல பெயர் கிடையாது. வாய்க்கொழுப்புப் பிடித்த பெர்னி என்றுதான் இந்த வட்டாரத்துச் சந்தைகளில் என்னைச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

லோரெட்டா வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு மார்ச் மாதம், தவக்காலத்தில். எங்கள் தேவாலயக் கூடத்தில் பழைய விளையாட்டுச் சாமான்களுக்கான சனிக்கிழமைச் சந்தை. முதல் நாள் விற்றது போக மிஞ்சிய பியரோகிகளைச் சமையலறையில் பெண்கள் வெண்ணெயிலும் வெங்காயத்திலும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மாவுக்குள் உருளைக்கிழங்கு வேகிற அந்த வாசனை வந்தால் எனக்கு வேலை ஓடாது. வெளியே பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. வருகிற ஒவ்வொருவனும் காலைத் தேய்க்காமல் உள்ளே வந்து தரையை நாசமாக்கினான்.

எனக்குப் பக்கத்து மேசை டட்ச் ஹேவர்காம்புடையது. இருபது வருஷமாகப் பக்கத்து மேசைதான். அவன் வாங்கி விற்பவன். நான் பார்த்து, அசலா போலியா என்று மட்டும் சொல்பவள். என் மேசையில் நல்ல பந்து ஏதாவது வந்தால் அவனுக்கு மூக்கு வியர்த்துவிடும். நாற்காலியோடு நகர்ந்து வந்துவிடுவான்.

லோரெட்டாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கோட்டு, ஆனால் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தாள். கம்பளிக் கையுறை ஒன்றுக்குள்ளிருந்து பந்தை எடுத்து, மேசையில் வைக்காமல் நேராக என் உள்ளங்கையில் வைத்தாள்.

"விலை எனக்கு வேணாம் மேடம். இதுல ஒரே ஒரு பேரு மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஆர்லோ பென்டர்னு இருக்கும். அது அவரே எழுதினதான்னு தெரிஞ்சா போதும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வேலை முடியும் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்பது என் பழக்கம். "அவரு உங்களுக்கு யாரு?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கப்பா. ஹாரியர்ஸ் டீம்ல ஒரே ஒரு வருஷம் இருந்தாரு. ஐம்பத்து மூணுல. மூணாவது கேட்சர், பெரும்பாலும் பெஞ்சுலதான். அந்த டிசம்பர்லயே போயிட்டாரு. நிலக்கரி லாரி ஓட்டிட்டு இருந்தாரு, ரோட்டுல ஐஸ்." நிறுத்தி மூச்சு விட்டாள். "எனக்கு அப்ப ரெண்டு வயசு. அப்புறம் அம்மா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அப்பாவோட சாமானெல்லாம் கீழறையில இருந்துச்சு, வெள்ளத்துல போயிடுச்சு. அவர் கைப்பட எழுதினது ஒரு வரிகூட என்கிட்ட இல்ல. இது ஒண்ணுதான். 'டீம்ல எல்லாரையும் உனக்காகக் கையெழுத்துப் போட வச்சு உங்கப்பா வாங்கிட்டு வந்தாரு'ன்னு அம்மா சொல்வாங்க. போன மாசம் அம்மாவும் போயிட்டாங்க. சாவு வீட்டுல சித்தி சொல்றாங்க, 'அட போடி, அது மைதானத்துக் கடையில வாங்கினது, உங்கம்மா உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன கதை'ன்னு."

சாவு வீட்டில் வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத சித்திகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. "உக்காருங்க கண்ணு" என்றேன். நான் யாரையும் அப்படிக் கூப்பிடுகிறவள் இல்லை. டட்ச் திரும்பிப் பார்த்தான்.

முதலில் பந்து. தோல், தையல் நூல், லீக் முத்திரை எல்லாம் ஐம்பத்து மூன்றாம் வருஷத்துக்குச் சரியாக இருந்தன. நல்ல வேளை, பத்திரமாக இருக்கட்டும் என்று யாரும் மேலே வார்னிஷ் பூசி வைக்கவில்லை. மங்கிய எழுத்தின் மேல் புதுப் பேனாவை ஓட்டி வைக்கவும் இல்லை. அன்பினால் பந்தைக் கெடுத்தவர்கள்தான் அதிகம். பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். மை பழுப்பேறியிருந்தது. பேனா முள் தோலில் பதிந்து போன தடம் தெரிந்தது. அச்சில் அந்தத் தடம் வராது.

"உங்க சித்திகிட்டச் சொல்லுங்க, இது கடைப் பந்து இல்ல. பேனா பிடிச்சு எழுதினதுதான்."

அவள் முகத்தில் ஓர் ஒளி வந்தது பாருங்கள். அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரே கெட்ட பழக்கம். பந்து கைக்கு வந்தால் கண் தானாகப் பெரிய பெயரைத் தேடிப் போகும். ஹாரியர்ஸ் பந்தென்றால் பக் டெலானி. அந்தக் காலத்தில் அவன் மட்டையைத் தூக்கினால் ஏரிக்கரை நகரமே எழுந்து நிற்கும். டெலானியின் கையெழுத்தை நான் என் புருஷன் கையெழுத்தை விட அதிகம் பார்த்திருக்கிறேன்.

இது டெலானி இல்லை. வடிவம் அவனுடையதுதான், ஆனால் கோடு அவனுடையது இல்லை. வளைவுகளில் பேனா தயங்கி நின்று, பிறகு போயிருந்தது.

நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். டட்சிடம் அது நடக்குமா? நாற்காலி கிறீச்சிட்டது. "டெலானி பந்தா? கொடு, கொடு" என்று என் கையிலிருந்து வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு சுற்றுச் சுற்றினான்.

"ச்சே. உடைமாத்துற ரூம் பந்து பெர்னி இது. ஒரே கை. மேனேஜர், டெலானி, பிட்சருங்க, எல்லாம் ஒருத்தன் எழுதினது. துண்டு மடிக்கிற ஆளு எவனாவது உக்காந்து எழுதித் தள்ளியிருப்பான்." லோரெட்டாவிடம் பந்தை நீட்டினான். "மன்னிச்சுக்கோங்கம்மா. எதுவும் தேறாது."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஆட்டத்துக்கு முன்னால் உடைமாற்றும் அறை மேசையில் பெட்டி பெட்டியாகப் பந்து அடுக்கி வைத்திருப்பார்கள். மேயருக்கு, பாதிரியாருக்கு, ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு என்று. எல்லோரும் எல்லாவற்றிலும் போட வேண்டும். நட்சத்திரங்களுக்கு அது பிடிக்காது, கம்பி நீட்டிவிடுவார்கள். அப்புறம் அங்கே இருக்கிற யாராவது எல்லாப் பெயரையும் பார்த்துப் பார்த்து வரைந்துவிடுவார்கள்.

"அப்போ ஆர்லோ பென்டர்ங்கிறதும்?" என்று லோரெட்டா கேட்டாள்.

"எல்லாம் ஒரே கைன்னா எல்லாமேதானேம்மா" என்றான் டட்ச். அவன் கெட்டவன் இல்லை. மெதுவாகத்தான் சொன்னான்.

அவள் அழவில்லை. "ரொம்ப நன்றி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பந்தைக் கையுறைக்குள் போட்டாள். அது லேசில் உள்ளே போகவில்லை; கட்டைவிரல் பக்கம் மாட்டிக்கொண்டு திணறினாள். பார்க்கச் சகிக்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் வைத்திருந்த அப்பாவை ஐந்து நிமிஷத்தில் பிடுங்கி அனுப்புகிறோமே, இதெல்லாம் ஒரு தொழிலா என்று எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது.

கையுறை வாய்க்கு வெளியே பந்தின் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பெயர்களின் வால் எல்லாம் இழுபட்டிருந்தது. ஒவ்வொரு பெயரிலும் மை லேசாக வலப்பக்கமாக ஈஷியிருந்தது.

"நில்லுங்க" என்றேன். "அதை இப்படிக் கொடுங்க."

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு கோடைகாலம் முழுக்க ஹாரியர்ஸ் மைதானத்தின் பின்வாசலில் நின்றிருக்கிறேன். ஐம்பத்து மூன்றுதான். டிராமுக்குக் கொடுத்த காசில் கடுகுச் சாறு தடவிய ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு நடந்தே வீடு திரும்புவேன். பின்வாசலில் பையன்கள் கூட்டம். பெண்பிள்ளை நான் ஒருத்திதான். "உனக்கெதுக்குடி பந்து, போய் பொம்மைக்குச் சட்டை தை" என்று முழங்கையால் இடிப்பார்கள். நானும் சும்மா விடமாட்டேன், காலை மிதிப்பேன். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். டெலானி வருவான், தலை நிறைய எண்ணெய் மினுங்க, யார் முகத்தையும் பார்க்காமல் போய் நீலக் காரில் ஏறிவிடுவான். நாங்கள் காரின் பின்னால் ஓடுவோம். அந்தப் புகையின் நாற்றம்கூட எங்களுக்குப் பெருமை. இப்போது நினைத்தாலும் அந்தச் சாயங்காலங்கள் என்னை என்னவோ செய்கின்றன. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, கடைசியாக ஒருவர் வருவார். தலைமுடி ஈரமாக, சட்டை கசங்கி, கையில் தகரச் சாப்பாட்டு டப்பாவோடு. நிறையப் பையன்களுக்கு அவர் யாரென்றே தெரியாது. ஆடினால்தானே தெரியும்? அவர் நின்று எல்லோருக்கும் போட்டுக் கொடுப்பார். பந்து இல்லாதவனுக்குப் பாப்கார்ன் பெட்டியில் போடுவார். ஒரு நாள் பையன்கள் என்னைத் தள்ளிவிட்டபோது, "ஏ தடிப்பசங்களா, அந்தப் பாப்பாவை முன்னாடி விடுங்க. எனக்கும் வீட்டுல ஒரு பொண்ணு இருக்கா" என்றார். என் பந்தை வாங்கி 'ஆர்லோ பென்டர்' என்று எழுதினார்.

இதை நான் லோரெட்டாவிடம் சொன்னேன். எழுந்து நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க எங்கப்பாவப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். உங்களைப் பத்தியும் அவர் வாயால கேட்டிருக்கேன். இப்ப நான் சொல்றதக் கவனிங்க. பந்தை வலது கையில பிடிச்சுக்கிட்டாரு. விரலெல்லாம் கோணிப் போயிருந்துச்சு, பந்து பிடிச்சுப் பிடிச்சு. எழுதினது இடது கையில. இடது கைக்காரங்க எழுதினா கை எழுத்து மேலேயே போகும். மை காயறதுக்குள்ள வலப்பக்கமா ஈஷிடும். என் பந்துலயும் ஈஷிடுச்சு. 'பாப்பா, என் கைக்கு வெக்கமே இல்ல'ன்னு சொல்லி ஊதிக் கொடுத்தாரு."

டட்ச் இடையில் புகுந்தான். "நிறுத்து பெர்னி. ஊர்ல இடது கைக்காரன் அவர் ஒருத்தர்தானா? துண்டு மடிக்கிறவனும் இடது கைக்காரனா இருந்திருக்கலாம். அந்தம்மா மனசு நோகக் கூடாதுன்னு நீ கதை கட்டாத."

"நான் கதை கட்டுவேனா? என் வாய்க்கு இதுவரைக்கும் எவன் மேலயாவது இரக்கம் இருந்திருக்கா?"

"இல்லதான்" என்று ஒப்புக்கொண்டான்.

"அப்போ வாயை மூடிக்கிட்டு லென்ஸை எடு. டெலானியப் பாரு. எங்கெங்க நின்னு நின்னு போகுது?"

"எல்லா வளைவுலயும். அதான் போலின்னு சொன்னேனே."

"மேனேஜர்?"

"அதுவும்தான்."

"நீ ஆர்லோ பென்டரைப் பாத்தியா? டெலானி போலின்னு தெரிஞ்சதும் பந்தைக் கீழ வச்சுட்ட. நானும் அதைத்தான் பண்ணேன். வந்தவங்க என்ன கேட்டாங்க, நம்ம ரெண்டு பேரும் எதைப் பாத்தோம்?"

டட்ச் பந்தைத் திருப்பித் திருப்பித் தேடினான். கிடைக்க நேரமாயிற்று. அந்தப் பெயர் பின்பக்கத்தில், தையலை ஒட்டி, கடைசிக் கடைசியாக இருந்தது. குனிந்து லென்ஸ் வழியாக ரொம்ப நேரம் பார்த்தான்.

அடுத்தவர் பெயரை எழுதும்போது யாருக்கும் கை யோசிக்கும். என்னதான் பழகியிருந்தாலும் ஓரிடத்தில் நின்று அடுத்த வளைவைத் தேடும். சொந்தப் பெயரை எழுதும்போது மனிதன் யோசிப்பதே இல்லை. அந்தப் பந்தில் இருந்த இருபதுக்கு மேற்பட்ட பெயர்களில் ஒரே ஒரு பெயர்தான் எங்கும் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடியிருந்தது.

டட்ச் நிமிர்ந்தான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "ஓடியிருக்கு" என்றான். "இது அவர் பேருதான். அவர் கைதான்."

லோரெட்டாவுக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தப் பேரு அப்பா எழுதினதா?"

"இந்தப் பேரு மட்டும் இல்ல கண்ணு" என்றேன். "ஒரே கைன்னு டட்ச் சொன்னானே, அது சரி. அந்தக் கை உங்கப்பா கை. பந்து முழுக்க அவர்தான்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

"அப்போ எல்லாரையும் கேட்டு வாங்கிட்டு வந்தேன்னு அவர் அம்மாகிட்டச் சொன்னது பொய்யா? ரெண்டு வயசுக் குழந்தைக்கா பொய்ப் பந்து கொடுத்தாரு?"

இதற்கு என்ன சொல்வது? அவர் டெலானியிடம் கேட்டாரா, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் ஏறினானா, இவருக்குக் கேட்கவே கூச்சமாக இருந்ததா, யாருக்குத் தெரியும்? தெரியாததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. பந்துல இருக்கறதச் சொல்றேன். இந்த ரெண்டு தையலும் கிட்டக் கிட்ட வர்ற இடம் பாத்தீங்களா? பந்துலயே நல்ல இடம் இதுதான், டீமை நடத்துற மேனேஜருக்கு. டீம் பந்துல வேற யாரும் இதுல போட மாட்டாங்க, தொடவே மாட்டாங்க. அதுக்குக் கீழ டெலானி மாதிரி ஆளுங்க. அப்புறம் பிட்சருங்க. அப்படியே தரம் பாத்து இறங்கி வரும். பெஞ்சுல உக்காந்திருக்கறவங்களுக்கு மிச்சம் மீதி இடம். மூணாவது கேட்சருக்கு இதோ, தையலோரம்."

அவள் குனிந்து பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஆர்லோ பென்டர் தன் பெயரைச் சின்னதாக நெருக்கி, நூலில் இடித்துவிடாமல் எழுதியிருந்தார்.

"யாரும் போடல, எல்லாம் இவரேதான் எழுதினாருன்னா," என்று மெதுவாகக் கேட்டாள், "முழுப் பந்தும் காலியாத்தானே இருந்திருக்கும்?"

"ஆமா."

"அவர் பேரை எங்க வேணும்னாலும் எழுதியிருக்கலாமே. நடுவுலயே எழுதியிருக்கலாம். பொண்ணுக்குத்தானே கொடுக்கப் போறாரு. யார் கேக்கப் போறாங்க?"

"கேக்க மாட்டாங்கதான். ஆனா அப்படிப் போடறது வழக்கம் இல்லம்மா."

"யாருமே இல்லாதப்பக்கூடவா?"

டட்ச் தன் மேசைப் பக்கம் திரும்பி, அடுக்கி வைத்திருந்த டப்பாக்களை மறுபடி அடுக்கத் தொடங்கினான். அந்தப் பெண் இப்போது அழுதாள். சத்தமில்லாமல், கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நன்றாக அழுதாள். நான் சமையலறைக்குப் போய் ஒரு தட்டில் பியரோகி வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தேன். அழுகிறவர்களுக்கு வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அவள் அதைத் தொடவில்லை. வெண்ணெய் பட்ட கையால் பந்தைத் தொட்டுவிடுவாளோ என்ற பயத்தில் தட்டை நானே தள்ளி வைத்தேன்.

அதற்குள் என் மேசைக்கு முன்னால் வரிசை சேர்ந்துவிட்டது. முதலில் நின்ற ஆள் பந்து டப்பாவை ஆட்டிக்கொண்டு, "இது எவ்வளவு போகும்னு மட்டும்..." என்று ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் பின்னால் நின்றவன் காலை மிதித்துக்கொண்டு விலகினான்.

லோரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தை இரண்டு கையிலும் எடுத்தாள். விளக்குக்கு நேராகப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு பெயரைத் தவிர வேறெதையும் அவள் படித்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"லெஸ்டர் ஹப். இது?"

"உங்கப்பா" என்றேன்.

"வாலஸ் டியர்பார்ன்?"

"உங்கப்பா."

"ஜிக்ஸ் ஓமாலி?"

"அதுவும் அவர்தான்."

பந்தைத் திருப்பினாள். கட்டைவிரலை எழுத்தின் மேல் படாமல் அதன் கூடவே நகர்த்தினாள். மை ஈஷியிருந்த இடங்களில் நின்றாள். அவர் கை இங்கே போயிருக்கிறது, இங்கே போயிருக்கிறது என்று பார்க்கிறாள் என்று புரிந்தது.

"பக் டெலானி?"

"உங்கப்பா."

"மேனேஜர்?"

"உங்கப்பாதான் கண்ணு."

அவள் தலையாட்டினாள். பந்தை ஒரு சுற்றுச் சுற்றி, லெஸ்டர் ஹப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.